விடுதி இரக்கமன்று, உரிமை!

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு பிள்ளை கல்லூரிக்குச் செல்கின்றது என்றால், ஊரார் கேட்கும் முதற்கேள்வி ‘என்ன படிப்பு?’ என்பது. அடுத்த கேள்வி ‘எவ்வளவு செலவு?’ என்பது. எங்கே தங்கும், என்ன உண்ணும், காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பார், நெஞ்சு சோர்ந்தால் யாரிடம் சொல்லும் என்று கேட்பார் மிகச் சிலரே. ஆயினும், நிலமற்ற உழவுத் தொழிலாளியின் மகனையும் தறிக்காரர் மகளையும் படிப்பின் நடுவே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் பாடநூலின் கடுமையன்று. கேட்கப்படாமற் போன இக்கேள்விகளே அப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகின்றன.

ஒரு நாளில் மாணவன் வகுப்பறையில் அமர்ந்திருப்பது ஐந்தாறு மணிநேரம். எஞ்சிய பதினெட்டு மணிநேரமும் அவன் விடுதியிலேயே வாழ்கின்றான். அங்கேதான் உண்கின்றான், உறங்குகின்றான், படித்ததை அசைபோடுகின்றான், நட்பும் பகையும் கொள்கின்றான், தன்னைப்பற்றித் தானே உயர்வாகவோ தாழ்வாகவோ எண்ணக் கற்றுக்கொள்கின்றான். அப்பதினெட்டு மணிநேரத்தைக் கல்வியின் பகுதியாகக் கொள்ளாமல், கணக்கேட்டின் கடைசி வரியாகக் கொள்ளும் போக்கே ஆட்சியாளரிடமும் கல்விக்கூடங்களிடமும் வேரூன்றிக் கிடக்கின்றது. வகுப்பறை என்பது கல்வி. விடுதி என்பது கொடை! கொடைக்கு முறைப்பாடு ஏது? போட்டதை உண்ண வேண்டும். கொடுத்த இடத்தில் படுக்க வேண்டும். வாய் திறந்தால் நன்றி மறந்தவன் என்னும் பழி! இந்த எண்ணத்தை வேரோடு வெட்டி எறியாத வரையில், தமிழ்நாட்டின் கல்வி வளர்ச்சி பற்றிய பெருமைப் பேச்சுகள் பாதி உண்மையாகவே இருக்கும்.

விடுதி வழியே வந்த விழிப்பு

இந்நாட்டில் உரிமை இயக்கம் எங்கே தொடங்கிற்று என்று கேட்டால், மேடையில் என்பார் சிலர். ஏட்டில் என்பார் சிலர். விடுதியில் தொடங்கிற்று என்பதே வரலாற்றுக்கு நெருங்கிய விடை.

சென்னைத் திருவல்லிக்கேணியில் மருத்துவர் சி. நடேசனார் 1916இல் ‘திராவிடர் இல்லம்’ என்னும் மாணவர் விடுதியை நடத்தினார். ஊர்ப்புறங்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்கு அன்று தங்க இடமில்லை, உண்ண வழியில்லை. கல்லூரியில் இடம் கிடைத்தும் நகரில் இடம் கிடைக்காமையால் ஊர் திரும்பியோர் பலர். கல்லூரிக் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, அதன் பக்கத்திலே ஒரு பாயும் ஒரு கலமும் இருந்தால்தான் ஏழைப்பிள்ளை உள்ளே நுழைய முடியும் என்பதை நடேசனார் கண்டுகொண்டார். நயன்மைக் கட்சியாகப் பின்னாளில் பெயர்பெற்ற அமைப்பு தோன்றியதும் அவ்வாண்டின் இறுதியிலேதான். அதே 1916இல் சிதம்பரத்தில் சகசானந்த அடிகள் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்போடு உண்டியும் உறையுளும் சேர்த்தே வழங்கினார். அடித்தளத்தில் கிடந்த மக்களை மேலேற்ற எண்ணிய இருவரும் ஒரே முடிவுக்கு வந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவராக 1920களில் விளங்கிய ஏ.டி. பன்னீர்செல்வம் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மராட்டிய மன்னர் காலத்துச் சத்திரங்களின் வருவாய் நெடுங்காலமாக ஒரு சாராரின் உணவுக்கும் வடமொழிக் கல்விக்குமே பயன்பட்டு வந்தது. அவ்வருவாயை எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் பயன்படுமாறு அவர் திருப்பினார். ஒரத்தநாட்டுச் சத்திரம் ஏழை மாணவர் தங்கிப் படிக்கும் இடமாயிற்று. வழிப்போக்கருக்குச் சோறிட்ட சத்திரம் வருங்காலத்துக்குச் சோறிடத் தொடங்கிற்று! தமிழன் பொருள் தமிழ்ப்பிள்ளையின் வயிற்றுக்கும் அறிவுக்கும் சென்று சேர்ந்த அந்நாள், மேடை முழக்கங்கள் பலவற்றினும் பெரிது.

இந்தித் திணிப்பை எதிர்த்து 1965இல் மாணவர் எழுந்தபோது, அவ்வெழுச்சிக்குப் பாசறையாய் நின்றவையும் விடுதிகளே. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் 1965 சனவரி 27இல் காவல்துறையின் குண்டுக்கு உயிர் ஈந்தார். அரசு உடனே செய்தது என்ன? கல்லூரிகளை மூடிற்று, பிள்ளைகளை ஊர்களுக்கு விரட்டிற்று. பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் கூடி உண்டு கூடி எண்ணினால் என்ன விளையும் என்பது ஆட்சியாளர்க்கு அன்றே விளங்கிவிட்டது. விடுதியை வளர்க்கவேண்டிய நாற்றங்காலாக எண்ணாமல், அடக்கவேண்டிய கொதிகலனாக எண்ணும் பழக்கம் எக்கட்சி ஆட்சிக்கு வந்தாலும் முற்றும் மறையவில்லை.

பந்தியிலே தொடங்கும் பாகுபாடு

உண்கூடம் ஒரு நாட்டின் உள்ளக்கிடக்கையைக் காட்டும் கண்ணாடி. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது. விடுதலைக்குப் போராடிய காங்கிரசுக் கட்சி பத்தாயிரம் உருபா தருவதாக ஒப்புக்கொண்டு, ஐயாயிரத்தைக் கொடுத்தும் விட்டிருந்தது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் பிள்ளைகளைப் பிறப்பால் பிரித்து உண்பிப்பதா என்று வரதராசலுவும் பெரியாரும் கேட்டனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகத்தையே குலுக்கிய சிக்கல் அது. இரண்டு பிள்ளைகள் தனித்து உண்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்டோரும் அன்று இருந்தனர். குடிமுழுகத்தான் செய்தது! நாட்டு விடுதலைக்குப் பிள்ளைகளை ஆளாக்குவதாகச் சொன்ன இடத்திலேயே ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்னும் பாடம் மூன்று வேளையும் இலைபோட்டு நடத்தப்பட்டது. வகுப்பில் கேட்ட சமன்மைப் பாடம் மறந்துபோகும். பந்தியில் பட்ட இழிவு சாகும்வரை மறவாது.

அது பழங்கதை என்று யாரும் ஆறுதல் கொள்ளற்க. 2018 திசம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து உண்கூடம் ஒன்றில், மரக்கறி உண்பார்க்கு ஒரு வாயில், ஊன் உண்பார்க்கு ஒரு வாயில், கைகழுவவும் தனித்தனி இடம் என்று அறிவிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டன. மாணவர் எதிர்த்துக் குரலெழுப்பிய பின்னரே அவை அகற்றப்பட்டன. ஏறத்தாழத் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழிந்தும் அதே பந்தி! அன்று பிறப்பின் பெயரால். இன்று உணவின் பெயரால்.

தில்லியிலுள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியற் கழகத்தைப்பற்றிப் பேராசிரியர் தோரட்டு தலைமையிலான குழு 2007இல் அளித்த அறிக்கையும் இங்கே நினைவுகூரத்தக்கது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் இழிமொழிக்கும் தொல்லைக்கும் ஆளாகி, விடுதிகளில் குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒதுங்கி ஒன்றுகூடி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டதை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்விக்கூடத்திலும் ஊரும் சேரியும் உண்டு என்றால், உயர்கல்வி என்னும் சொல்லில் ‘உயர்வு’ எங்கே இருக்கின்றது?

பதினேழு உருபாவுக்குள் ஒருவேளை

இனி வயிற்றுக்கு வருக. தமிழ்நாட்டு அரசு நலவிடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவர்க்கு உணவுத்தொகை திங்களுக்கு 1,100 உருபாவாக இருந்தது. 2023இல் அது 1,500 உருபாவாக உயர்த்தப்பட்டது. பள்ளி மாணவர்க்கு 1,000 என்றிருந்தது 1,400 ஆயிற்று. உயர்த்தியது நன்றே, மறுப்பாரில்லை. ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தல் குற்றமாகாது. திங்களுக்கு 1,500 என்றால் நாளொன்றுக்கு 50 உருபா. மூன்று வேளைக்குப் பகிர்ந்தால் ஒருவேளைக்குப் பதினேழு உருபாகூட முழுதாய் வரவில்லை. சாலையோரக் கடையில் இரண்டு குவளைத் தேநீர் குடித்தால் தீர்ந்துபோகும் தொகை! இத்தொகைக்குள்தான் பருப்பும் எண்ணெயும் காய்கறியும் முட்டையும் அடங்கவேண்டும். வளரும் உடல், விழித்துப் படிக்கும் கண், இவற்றுக்கு நாடு ஒதுக்கும் பங்கு இவ்வளவே.

அரிசிக்குத் தனிவழி உண்டென்பர் சிலர். இருக்கட்டும். அரிசி மட்டுமே உணவாகிவிடுமா? சோற்று மலையின்மேல் நீர்த்த சாம்பாரை ஊற்றிவிட்டு, அதனை உணவுப் பட்டியல் என்று சுவரில் ஒட்டிவைத்தால் குருதி ஊறுமா?

கருவூலம் தாங்காது என்பது அடுத்த விடை. அதனையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பல துறைகளின்கீழ் நடக்கும் விடுதிகள் 2,739 என்றும், அவற்றில் தங்குவோர் 1,79,568 பேர் என்றும் 2025இல் அரசே அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட இவர்கள் அனைவர்க்கும் திங்களுக்கு இன்னும் ஆயிரம் உருபா கூட்டிக் கொடுத்தால், ஆண்டில் பத்துத் திங்களுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 180 கோடி உருபா. ஆண்டுக்கு மூன்று இலக்கம் கோடிக்குமேல் செலவிடும் ஓர் அரசுக்கு இஃது ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இல்லாதது பணமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கல்லூரி செல்லும் அரசுப்பள்ளி மாணவியர்க்குத் திங்களுக்கு ஆயிரம் உருபா வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022இலும், மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. அரசுப்பள்ளிகளில் படித்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்வழி தொழிற்படிப்புகளில் சேர்வோரின் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்க அடிகள். படிப்புக் கட்டணம் வேறு, தங்கும் கட்டணம் வேறு என்று பிரிக்காமல் இரண்டையும் கல்விச் செலவென்றே அரசு ஒப்புக்கொண்டமையால், 2021ஆம் ஆண்டின் அறிவிப்பு தனிச்சிறப்புடையது. அவ்வொப்புதலைக் கலைக்கல்லூரியில் தமிழும் வரலாறும் படிக்கும் ஏழைப்பிள்ளைக்கு மட்டும் மறுப்பது எம்முறை? பொறியாளனுக்குப் பசி உண்டு. புலவனுக்குப் பசி இல்லையா?

பலகை மாறிற்று, தாழ்ப்பாள் மாறிற்றா?

நெடுங்காலமாக இவ்விடுதிகளின் முகப்பில் வகுப்புப் பெயர்களே தொங்கின. ஒரு பிள்ளை எந்த வாயிலில் நுழைகின்றது என்பதைக் கண்டே அதன் பிறப்பை ஊர் அறிந்துகொள்ளும் நிலை. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் தம் வீட்டிலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப்பின் அமைக்கப்பட்ட சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லிற்று. 2025 சூலையில் அரசு விடுதிகள் யாவும் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர்பெறும் என்று அறிவிக்கப்பட்டது.

சாதிப் பெயர் ஒழிந்தது, அவ்வளவில் வாழ்த்துக! இரவற்சொல் இரண்டைச் சேர்த்து ஒட்டாமல் ‘குமுக நயன்மை விடுதி’ என்று தமிழிலேயே பெயர் சூட்டியிருக்கலாம். அதுவும் ஒருபுறம் இருக்க. பெயரில் வந்த நயன்மை, பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே வந்ததா என்பதே முதன்மைக் கேள்வி. பலகை மாற்ற ஒரு பகல் போதும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்ற எத்தனை ஆண்டு வேண்டும்? நால்வர்க்குரிய அறையில் எண்மர் படுப்பது எந்த நயன்மை? படிக்க மேசையில்லை, பெட்டிவைக்க இடமில்லை, தண்ணீர்க் குழாயடியில் விடியுமுன்னே வரிசை. இக்குறைகள் எல்லா விடுதியிலும் உண்டென்பதில்லை. நல்ல காப்பாளர் வாய்த்து நன்றாய் நடப்பனவும் உள. ஆனால், ஒரு பிள்ளையின் வாழ்வு நல்ல காப்பாளர் வாய்ப்பதைப் பொறுத்து அமைவதே தவறு. உரிமை என்பது வாய்ப்பை நம்பி இருப்பதன்று.

சேர்க்கை நெறிமுறையையும் காண்க. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் மாணவன் சேரவேண்டுமாயின், பெற்றோரின் ஆண்டு வருவாய்க்கு வரம்புண்டு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டராவது இருத்தல் வேண்டும். மாணவியர்க்கு இத்தொலைவுக் கட்டுப்பாடு இல்லை என்பது நன்று. மாணவர்க்கும் ஏன் இருக்கவேண்டும்? ஓரறை வீட்டில் அறுவர், ஒரே விளக்கு, மாலையானால் குடித்துவிட்டு வரும் தகப்பன், நோயாளிப் பாட்டி. அங்கே வாழும் பிள்ளைக்குக் கல்லூரி ஆறு கிலோமீட்டரில் இருந்தால் விடுதி வேண்டாமா? தொலைவை நிலப்படத்தில் அளக்கின்றவர், வீட்டுக்குள்ளே படிப்புக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள தொலைவை எக்கோல் கொண்டு அளப்பார்?

காப்பாளரில்லாக் காவல்

1996 நவம்பரில் சிதம்பரத்தில், முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனொருவனால் விடுதியிலே கொல்லப்பட்டார். தமிழகம் நடுங்கிற்று. பகடிக் கொடுமையைத் தடுக்க 1997இல் தமிழ்நாட்டுச் சட்டம் பிறந்தது. கொலையாளிக்குக் கீழ்மன்றம் விதித்த ஒறுப்பை உயர் வழக்குமன்றம் நீக்க, உச்ச வழக்குமன்றம் 2011இல் மீண்டும் உறுதி செய்தது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் முடிந்த தீர்ப்பைக் காணப் பதினான்கு ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தது.

பல்கலைக்கழக நல்கைக்குழு 2009இல் வகுத்த நெறிமுறைகள் தெளிவானவை. புதியவர்களை இயன்றவரை தனிக்கட்டடத்தில் தங்கவைக்கவேண்டும். விடுதிக்கு முழுநேரக் காப்பாளர் வேண்டும். எந்நேரமும் அவரை அணுக முடியவேண்டும். குழுக்கள் அமைத்து இரவிலும் சுற்றிப் பார்க்கவேண்டும். முறையிட 1800-180-5522 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. இத்தனையும் தாளில் இருக்கின்றன. நடப்பிலோ, ஒரே காப்பாளர் இரண்டு விடுதிகளுக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்னும் பெயரில் அலைகின்ற இடங்கள் பல. பகலெல்லாம் பாடம் நடத்திய ஆசிரியரே இரவில் காப்பாளர். அவருக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு. இரவு பத்து மணிக்குமேல் அறுபது எழுபது பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கின்றனர்? வாயிற்காவலர் ஒருவர் பொறுப்பில்! கொடுமை நடப்பதோ அந்நேரத்தில்தான். புதிதாய் வந்த பிள்ளை முறையிட எண்ணினாலும், முறையிட்ட இரவும் அதே அறையில் அதே மூத்தவன் கண்முன்னே படுக்கவேண்டும் என்றால், எப்படி வாய் திறக்கும்? கையொப்பமிட்ட உறுதித்தாள் மூத்தவனைத் தடுக்காது. விழித்திருக்கும் காப்பாளரே தடுப்பார்.

மாணவியர் விடுதிக்கு வந்தால் காவல் வேறு உருக்கொள்கின்றது. அங்கே காவல் என்பது பூட்டு! மாலை ஆறு மணிக்கு மாணவிக்கு வாயில் மூடும். மாணவனுக்கு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். நூலகம் எட்டு மணிவரை உண்டு. ஆனால், அது மாணவிக்கு இல்லை. பெண்களின் பாதுகாப்பைக் கரணியம் காட்டி, ஆண்களுக்கில்லாத கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் விதிக்கலாகாது என்று நல்கைக்குழுவின் 2015ஆம் ஆண்டு நெறிமுறையே சொல்கின்றது. எத்தனை கல்லூரிகள் அதனைப் புரட்டிப் பார்த்தன? 2024 திசம்பரில் சென்னையின் புகழ்பெற்ற பொறியியற் பல்கலைக்கழக வளாகத்துள்ளேயே மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானார். 2025இல் குற்றவாளிக்கு வாணாள் சிறை விதிக்கப்பட்டது. அத்தகைய கொடுமை நிகழ்ந்தவுடன் பெற்றோரும் கல்லூரியும் ஒருங்கே சொல்வது, ‘பெண்ணை வெளியே விடாதே’ என்பதே. குற்றஞ்செய்தவன் ஒருவன், அடைக்கப்படுபவர் மாணவியர் அனைவருமா? விளக்கில்லாப் பாதைக்கு விளக்கும், ஆளில்லா மூலைக்கு ஆளும் போடுவதே காவல். பூட்டுப் போடுவது காவலன்று. தன் கடமையைப் பிறர் கதவில் தொங்கவிடுதல்.

எம்மொழியில் அழுவது?

உள்ளச் சோர்வால் மாணவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகள் தொடர்ந்து வரக் கண்டு, உச்ச வழக்குமன்றம் 2025 மார்ச்சில் இதற்கெனத் தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. சூலையில் நெறிமுறைகளையும் வகுத்தது. நூறு மாணவர்க்குமேல் உள்ள கல்விக்கூடம் ஒவ்வொன்றிலும் தகுதிபெற்ற உளநல அறிவுரையாளர் ஒருவராவது இருத்தல் வேண்டும். உதவிக்கான தொலைபேசி எண்களை விடுதிகளில் எல்லார் கண்ணிலும் படுமாறு எழுதிவைக்கவேண்டும் என்பன அவற்றுட் சில. 14416 என்னும் உளநல உதவி எண் 2022 முதல் இயங்குகின்றது. இவ்வெண் எத்தனை விடுதிச் சுவரில் இருக்கின்றது? திரைப்பட நடிகர் படம் ஒட்டாத அறையில்லை; உயிர்காக்கும் ஐந்து எண்களை எழுத இடமில்லையா?

இங்கேதான் மொழிச்சிக்கலின் முள் ஆழத் தைக்கின்றது. பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்து, ஊரிலே முதல் மதிப்பெண் பெற்று, பெருமிதத்தோடு நகரக் கல்லூரிக்கு வரும் பிள்ளை, முதல் நாளே ஊமையாகின்றது. பாடம் ஆங்கிலத்தில், சேர்க்கைத் தாள் ஆங்கிலத்தில், விடுதி நெறிமுறை ஆங்கிலத்தில், அறிவிப்புப் பலகை ஆங்கிலத்தில், குறைகூறும் ஏடும் ஆங்கிலத்தில். ஊரில் அறிவாளி, இங்கே மூடன்! அறிவு குறைந்ததா? இல்லை, மொழி பறிக்கப்பட்டது. இரவில் போர்வைக்குள் விம்மும் அப்பிள்ளையை அழைத்து, அறிவுரையாளர் ஒருவர் ஆங்கிலத்தில் ‘என்ன உணர்கின்றாய்?’ என்று கேட்டால் அது என்ன சொல்லும்? துயரத்தை முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு அழவேண்டுமா?

தாய்மொழியில் பேச வாய்ப்பில்லாத இடத்தில் உளநலத் துணை என்பது வெறும் பெயர். தமிழ்நாட்டில் தமிழறியாத ஒருவர் தமிழ்ப்பிள்ளையின் நெஞ்சைத் திறக்க முடியாது. வேற்று மாநிலத்திலிருந்து வந்து இங்கே படிக்கும் பிள்ளைக்கும் அதன் தாய்மொழியில் துணை தேடித் தருதல் கல்லூரியின் கடமையே. தனக்கு வேண்டும் உரிமையைப் பிறர்க்கு மறுப்பது தமிழர் பண்பன்று. அண்ணாப் பல்கலைக்கழகத்தில் 2010இல் கட்டடவியலும் எந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. அம்முயற்சி தழைக்கவேண்டுமாயின் வகுப்பறை மட்டும் போதாது. விடுதி தமிழ் பேசவேண்டும். மாலையில் மூத்த மாணவர் இளையவர்க்குப் பாடத்தைத் தமிழில் விளக்கும் படிப்புவட்டம் விடுதிதோறும் அமையுமானால், அச்சுறுத்தும் மூத்தவனே ஆசானாவான்; பகடிக் கொடுமைக்கு அதைவிட நல்ல மருந்தும் இல்லை.

வணிகர் கையில் வாழ்விடம்

அரசு விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் தனியார் விடுதிகளில் போய் விழுகின்றனர். அங்கே கட்டில் ஒன்றுக்கு வாடகை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே கால்வைக்க இடமில்லை. மகளிரும் சிறுவரும் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014இல் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. பதிவு செய்யாமல் நடத்தலாகாது என்றும் சொல்லிற்று. பதிவு பெற்றதா என்று பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் எத்தனை பேர்? இதற்கிடையே 2022இல் ஒன்றிய அரசின் சரக்குப் பணி வரி மலிவான தங்கலின்மேலும் பாய்ந்தபோது, மாணவர் விடுதிக்கும் அது பொருந்துமா என்னும் வழக்கு எழுந்தது. சென்னை உயர் வழக்குமன்றம் 2024 மார்ச்சில் விடுதிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூனில் கூடிய வரிமன்றமும், திங்களுக்கு 20,000 உருபாவுக்கு மேற்படாத, தொண்ணூறு நாளுக்குக் குறையாத தங்கலுக்கு வரிவிலக்குத் தந்தது. படிக்க வந்த பிள்ளை படுத்துறங்கும் பாய்க்கு வரி கேட்ட நாடு இது என்பதை வரலாறு குறித்துவைக்கட்டும்!

செய்யவேண்டுவன

1. படிப்புக் கட்டணம்போல் விடுதிக் கட்டணமும் கல்விச் செலவே என்று சட்டத்தால் உறுதி செய்க. கலை, அறிவியல், தமிழ் பயில்வோர்க்கும் அது பொருந்துக.

2. உணவுத்தொகையை ஆண்டுதோறும் சந்தை விலையோடு சேர்த்து உயர்த்துக. தேர்தலுக்குத் தேர்தல் பிச்சையிடுவதுபோல் உயர்த்தற்க.

3. விடுதிக்கு ஒரு முழுநேரக் காப்பாளர், மாணவியர்க்குக் காப்பாளினி. கூடுதல் பொறுப்பு என்னும் ஏமாற்று ஒழிக.

4. தொலைவுக் கட்டுப்பாட்டை நீக்கி, வீட்டின் நிலையைக் கணக்கிற்கொள்க.

5. ஒரே வாயில், ஒரே பந்தி. யார் எதை உண்பது என்பது அவரவர் விருப்பம். யாரோடு உண்ணமாட்டேன் என்பது கல்விக்கூடத்தில் செல்லாது.

6. நெறிமுறை, அறிவிப்பு, முறையீடு, உளநலத் துணை யாவும் தமிழில் அமைக. உதவி எண்கள் அறைதோறும் எழுதப்படுக.

7. உணவுக் கணக்கைத் திங்கள்தோறும் மாணவர் குழு பார்வையிட்டுச் சுவரில் ஒட்டுக. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் இதற்கு அஞ்சார்.

தமிழ்ப் பெற்றோரே! பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுப் பேருந்தேறும்போது, கட்டணச்சீட்டை மட்டும் வாங்கி மடித்துவைத்துக் கொள்ளாதீர். காப்பாளர் பெயரென்ன, இரவில் எங்கே இருப்பார், சமையற்கட்டு எங்கே என்று கேட்டுப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அரசுப் பணத்தில் விடுதிச் சோறுண்டு படித்து இன்று பதவியில் இருப்போரே! அந்தச் சோற்றுக்கு வட்டி கேட்பாரில்லை. ஆனால், அதே உண்கூடத்தில் இன்று அமர்ந்திருக்கும் பிள்ளை உங்களைக் கண்டால் நிமிரும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே செல்லுங்கள்.

தமிழ்த்தொண்டு என்றால் மேடையில் முழங்குவது மட்டுமென்று எண்ணும் இளைஞரே! உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ ஒரு மாணவர் விடுதி இருக்கும். இத்திங்களில் ஒருநாள் அதன் வாயிலில் நுழையுங்கள். ஒருவேளை உணவைப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணுங்கள். தட்டில் விழுவது என்ன என்று பாருங்கள், கண்டதை எழுதுங்கள், எழுதியதை மாவட்ட ஆட்சியர்க்கும் ஊர்மக்களுக்கும் அனுப்புங்கள், விடை வரும்வரை விடாதீர்கள். நடேசனார்க்கு அன்று அரசு துணையில்லை; சட்டம் துணையில்லை; வாடகைக்கு எடுத்த ஒரு வீடே இருந்தது. அவ்வீட்டில் உண்டு படித்த பிள்ளைகளே பின்னாளில் நாட்டின் போக்கை மாற்றினர். இன்று 2,739 கட்டடங்கள் இருக்கின்றன. உள்ளே ஏறத்தாழ இரண்டு இலக்கம் பிள்ளைகள் இலைமுன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு இடுவது இரக்கமா, உரிமையா என்பதை முடிவு செய்யவேண்டியவர் தமிழ்மக்களே!